தலைமாட்டில் நின்றவர்

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள். சொல்ல வந்த விஷயத்தில் பிழை இல்லை.

வாயால் சொல்ல முடிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. கடலூர் முதுநகரில் சென்ட்ரிங் வேலை செய்கிறேன். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘புதுப்பொண்ணு’. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட ‘நிறுத்துங்க’ என்று குரல் கொடுக்க மாட்டேன். வேறு யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கி நடந்து வந்துவிடுவேன். இப்படிப்பட்டவன் எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

எழுதப்போவது என் மாமியாரைப் பற்றி. பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் மருமகன் மாமியாரின் பெயரைச் சொல்வதில்லை. அவர் போன பிறகும் எனக்கு நாக்கு வரவில்லை. அத்தை என்றே எழுதுகிறேன்.

அத்தைக்குப் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கருவாட்டுக் கூடையைச் சிதம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்பார். குள்ளமான ஆள். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாதது. மார்க்கெட்டின் இந்தக் கோடியில் அவர் பேசினால் அந்தக் கோடியில் தேங்காய் உரிக்கிறவன் பதில் சொல்வான். வாளைக் கருவாட்டை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளிக்கிறவர்களிடம், “மல்லிப்பூ வாசத்துக்குக் கோயிலாண்ட போ தாயி, இங்க கருவாடுதான் இருக்குது” என்பார். சுளித்தவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். எந்தப் பிரச்சினை வந்தாலும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “பாத்துடலாம்” என்று ஒரு வார்த்தை சொல்வார். சொன்னால் பார்த்துவிடுவார்.

என் முன்னால் வந்தால் மட்டும் வேறு ஆள். மருமகன் எதிரில் மாமியார் உட்காரக் கூடாது. முகம் பார்த்துப் பேசக் கூடாது. அவன் சாப்பிடுவதை, குடிப்பதைப் பார்க்கக் கூடாது. இதையெல்லாம் இப்போது பலர் விட்டுவிட்டார்கள். அத்தை விடவில்லை.

கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போயிருந்தேன். இலையில் சோறு தீர்ந்துவிட்டது. இன்னும் பசி. கேட்கக் கூச்சம். கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. “ஏ ஆடே, கொழம்பு நெறைய இருக்குன்னு சொல்லு. வயித்துல எடம் வெச்சுக்கிட்டு எந்திரிக்கக் கூடாது.”

நான் ஆட்டைத் திரும்பிப் பார்த்தேன். அது வாசலில் முருங்கைத் தழையைத் தின்றுகொண்டிருந்தது. என் மனைவி செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அது உங்களுக்குத்தாங்க. எங்கம்மா உங்ககிட்ட நேரா பேச மாட்டாங்க.”

“கொஞ்சம் போடச் சொல்லு” என்று நானும் ஆட்டைப் பார்த்தே சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் பேச்சு அப்படித்தான் நடந்தது. ஆடு இல்லாவிட்டால் கோழி. கோழி இல்லாவிட்டால் சுவர். வெட்கப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல மாமியார் அமைய மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னால் அத்தை உங்களுக்குப் பிடிபட்டுவிடுவார். ஊரிலிருந்து திரும்பும்போது கிள்ளையில் பஸ் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் அத்தை கூடையோடு ஏறினார். என்னைக் கவனிக்கவில்லை. கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “கருவாட்டுக் கூடையெல்லாம் ஏத்த முடியாதும்மா, எறங்கு, பேசஞ்சருங்க திட்டுறாங்க” என்றார்.

“எந்தப் பேசஞ்சரு?”

“எல்லாரும்தான்.”

அத்தை கூடையைப் படியில் வைத்தார். முந்தானையைச் செருகினார். “பாத்துடலாம்” என்றார். பிறகு பஸ் முழுவதும் கேட்கிற மாதிரி, “யாரு வீட்டுல கருவாட்டுக் கொழம்பு வெக்கிறதில்லையோ அவுங்க மட்டும் கையத் தூக்குங்க, நான் எறங்கிடுறேன்” என்றார்.

ஒரு கையும் எழவில்லை. ஒரு பெரியவர் மட்டும், “நெத்திலி இருக்குதாம்மா?” என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்து விசில் அடித்தார். வெற்றியோடு கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த அத்தை, பஸ்ஸில் காலியாக இருந்த ஒரே சீட்டைப் பார்த்தார். அது என் பக்கத்து சீட்டு. என்னையும் பார்த்தார். அவ்வளவுதான். தலையைக் குனிந்து, முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, “நிறுத்துப்பா, நான் அடுத்த வண்டியில வரேன்” என்று இறங்கிவிட்டார்.

“ஏம்மா, இவ்ளோ சண்ட போட்டது எறங்குறதுக்கா?” என்று கண்டக்டர் கத்தினார். நான் எழுந்து சீட்டைக் கொடுத்திருக்கலாம். அந்த யோசனை எனக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

கொரோனா இரண்டாவது தடவை பெரிதாக அடித்த கோடையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. சென்ட்ரிங் வேலைக்காரனுக்கு உடம்பு வலி புதிதில்லை. எப்போதும் போல மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். சோறும் இறங்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. கட்டிலோரம் சிலிண்டரை நிறுத்தி, மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க் மாட்டினார்கள்.

செல்விக்கும் காய்ச்சல். மகளோடு வீட்டில் அடைந்து கிடந்தாள். என் அண்ணன் ஆஸ்பத்திரி கேட் வரை வந்து, துணிப்பையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாளில் யாருக்குத்தான் பயம் இல்லை? நோயாளியோடு ஓர் ஆள் இருக்கலாம் என்றார்கள். எனக்கு யாரும் வர வேண்டாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அத்தை வந்து நின்றார்.

போன வருஷமே தனக்கு வந்துவிட்டுப் போய்விட்டது, இனி தன்னை ஒன்றும் செய்யாது என்று நர்ஸிடம் வாதாடி உள்ளே வந்திருந்தார். இரண்டு மாஸ்க், அதன்மேல் முந்தானை. நான் மரியாதைக்கு எழுந்து உட்காரப் பார்த்தேன். நர்ஸ் தோளைப் பிடித்து அழுத்திப் படுக்கவைத்தார்.

வார்டில் கதவுக்குப் பின்னால் நிற்க வழியில்லை. அத்தை சுற்றிலும் பார்த்தார். என் தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது. அங்கே போய் நின்றுகொண்டார். என் கண்ணுக்குத் தெரிய மாட்டார். குரல் மட்டும் வரும்.

“ஏ சிலிண்டரு, தண்ணி குடிக்கச் சொல்லு. நாக்கு வறண்டு கெடக்கும்.”

பக்கத்துக் கட்டிலில் லால்பேட்டைக்காரர் ஒருவர் படுத்திருந்தார். சவூதியில் ரொம்ப வருஷம் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். அவருக்கும் மாஸ்க். அந்த மூச்சிலும் அவரால் பேசாமல் இருக்க முடியாது.

“ஏம்மா, சிலிண்டருக்குக் காது இருக்கா?”

“ஒனக்கு இருக்குல்ல பாய். நீ சொல்லு.”

அவருக்கு ஏக சந்தோஷம். “மச்சான், தண்ணி குடிக்கணுமாம்” என்று என்னிடம் சொன்னார். “குடிக்கிறாராம்மா” என்று அத்தையிடம் சொன்னார். எனக்கும் அத்தைக்கும் நடுவில் என் தலையணை மட்டும்தான் இருந்தது. ஆனாலும் செய்தி அவர் வழியாகவே போய் வந்தது.

என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்கு இருந்த பயம் வேறு. மாஸ்க்கை எடுத்தால் மூச்சு முட்டும். எழுந்து நடக்க முடியாது. கக்கூஸ் வார்டின் கடைசியில். நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிலுக்குக் கீழே வைத்து, “ஒண்ணுக்கு வந்தா இதுல போங்க, கூட இருக்குறவுங்க புடிப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கூட இருக்கிறவர் அத்தை.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தண்ணீர் குடிக்காவிட்டால் ஒண்ணுக்கு வராது. வராவிட்டால் கேன் வேண்டாம்.

அத்தை தலைமாட்டிலிருந்து தம்ளரை நீட்டுவார். நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், மருமகன் குடிப்பதைப் பார்க்கக் கூடாதே. நான் மாஸ்க்கை விலக்கி உதட்டை நனைத்துக்கொண்டு, மீதியைக் கட்டிலோரத்தில் சளி துப்ப வைத்திருந்த பேசினில் சத்தமில்லாமல் ஊற்றிவிடுவேன். காலி தம்ளரை வாங்கிக்கொண்டு, “நல்லா குடிக்கிறாங்க” என்று அத்தை சிலிண்டரிடம் சொல்வார். அவர் பேச்சில் ஒரு நிம்மதி தெரியும். பேசினைக் கொட்ட வருகிற அம்மாவும் எதுவும் கேட்கவில்லை. இப்படியே நாள் போனது.

என் கால் வீங்கியது. கண்ணுக்குக் கீழே பை கட்டியது. ஒண்ணுக்கு அநேகமாக நின்றேவிட்டது. என் திட்டம் பலித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

காலை ரவுண்ட்ஸில் ஒரு டாக்டரம்மா வந்தார். முழுக்கவசத்துக்குள் கண் மட்டும் தெரியும். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் காலை அழுத்தினார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது.

“ரத்தத்துல உப்பு ஏறிக்கிட்டே போகுது. யூரின் எவ்ளோ போறாரு?”

“தெரியலயே டாக்டரம்மா” என்றது தலைமாடு.

“தண்ணி?”

“அதெல்லாம் நல்லா குடிக்கிறாங்க.”

“நாக்கை நீட்டுங்க” என்றார் டாக்டரம்மா. நீட்டினேன். தேங்காய் நார் மாதிரி இருந்திருக்கும். அவர் குனிந்து கட்டிலோரத்தைப் பார்த்தார். பேசினில் சளியே இல்லை. விளிம்பு வரை நல்ல தண்ணீர்.

“இது என்ன?”

லால்பேட்டை பாய் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தார். தலைமாட்டில் புடவை உரசுகிற சத்தம் கேட்டது. அத்தை சுவரோரத்திலிருந்து வெளியே வந்தார். கட்டிலைச் சுற்றி நடந்து என் எதிரில் வந்து நின்றார். பேசினைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நானும் அன்றைக்குத்தான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தெரியாது.

“இவரு யாரு உங்களுக்கு?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“மருமவன்.”

டாக்டரம்மாவுக்கு விளங்கிவிட்டது. திட்டவில்லை. மெதுவாக எடுத்துச் சொன்னார். இந்தக் காய்ச்சல் நுரையீரலோடு நிற்காதாம். கிட்னியையும் அடிக்குமாம். அதோடு வலி மாத்திரையும் சேர்ந்து, தண்ணீரும் இல்லாமல் போனதில் கிட்னி ஓய்ந்துபோய்விட்டது. இனிமேல் குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்து, நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். “எவ்ளோ உள்ள போகுது, எவ்ளோ வெளிய வருதுன்னு சொட்டு விடாம அளந்து சொல்லணும். டியூப் போடலாம், ஆனா அதுல வேற கிருமி ஏறிட்டா இவரு தாங்க மாட்டாரு. கேன்ல புடிக்க ஆம்பள யாராவது இருக்காங்களா?”

“நான் இருக்கேன்” என்றார் அத்தை.

டாக்டரம்மா போன பிறகு அத்தை என் கட்டிலில் உட்கார்ந்தார். ஆமாம், கட்டிலில்.

“மாப்ள” என்றார். அதுதான் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. “நான் திரும்பி நின்னது மரியாதைக்கு. நீங்க ஊத்துனது வெக்கத்துக்கு. ரெண்டையும் தூக்கி அந்தப் பேசின்ல போடுங்க.”

“வாணாம் அத்தை. அண்ணன வரச் சொல்லுங்க.”

“உங்க அண்ணன் கேட்டாண்ட வந்து காத்து வாங்கிட்டுப் போறாரு. என் பொண்ணு அங்க போனக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் அவகிட்ட என்னான்னு சொல்றது? ஒன் புருசன் ஒண்ணுக்குப் போவ வெக்கப்பட்டு செத்துட்டாருன்னா?”

பாய் சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அதான் சரி. மூடிக்கிங்க” என்றார் அத்தை. “நீங்க பாக்காத வரைக்கும் நான் இங்க இல்ல. பாத்துடலாம்.”

முந்தானையைச் செருகுகிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

மாற்றுப் புடவையை எடுத்துக் கட்டிலின் ஒரு பக்கத்தில் மறைப்புக் கட்டினார். அன்றிலிருந்து அந்தக் கேன் அவர் கையில்தான். முதல் தடவை ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. வெட்கத்தால் வரவில்லையா, கிட்னியால் வரவில்லையா என்று எனக்கே தெரியவில்லை. அத்தை அவசரப்படுத்தவில்லை. மார்க்கெட்டில் யாரோ ஈரக் கருவாட்டைத் தலையில் கட்டப் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே காத்திருந்தார். கடைசியில் நாலு சொட்டு விழுந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“கடுங்காப்பி மாதிரி இருக்குது. இன்னிக்கு வரத்து கம்மி.”

படகு கரைக்கு வந்தால் மீன் எவ்வளவு வந்தது என்பதை வரத்து என்பார்கள். அத்தை அந்தச் சொல்லை இதற்கு எடுத்துக்கொண்டார். தண்ணீரும் அப்படித்தான். டாக்டரம்மா சொன்ன அளவை மருந்து மூடியில் ஊற்றி, நான் விழுங்குகிற வரை என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். “எறங்குச்சு” என்ற பிறகுதான் அடுத்த மூடி. நர்ஸ் வந்து கேட்டால் உள்ளே போனது இவ்வளவு, வரத்து இவ்வளவு என்று மனப்பாடமாகச் சொல்வார். பாயும் சும்மா இருக்க மாட்டார். “மச்சான், வரத்து எப்படி?” என்பார். எனக்கு உயிரே போகும். ஆனால் நாள் ஆக ஆக, கேன் வரும்போது கண்ணை மூடுவதை எப்போது விட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

இவ்வளவு செய்தும் உப்பு இறங்கவில்லை. வாந்தி வந்தது. பேசுகிறவர்கள் தூரத்தில் பேசுகிற மாதிரி கேட்டது. டயாலிசிஸ் போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. விஷயம் தெரிந்ததும் அண்ணன் போன் செய்தார். அத்தை ஸ்பீக்கரில் போட்டார்.

“மெஷினுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க. ஒரு தடவ போட்டா ஒடம்பு அதுக்குப் பழகிடும். அப்புறம் ஆயுசு முழுக்க மெஷின்தான். எங்க தெருவுல ஒருத்தரு அப்படித்தான் ஆனாரு. நாட்டு மருந்து பாக்கலாம், இட்டுக்கிட்டு வந்துடுங்க.”

அத்தைக்கும் அந்தப் பயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கிற பயம்தான். ஆனால் அவர் பதில் சொல்வதற்கு முன்னால் டாக்டரம்மாவிடம் திரும்பினார்.

“போட்டா திரும்ப எடுக்க முடியுமா?”

“நெறைய பேருக்கு எடுத்துடலாம்மா. கிட்னி முழிச்சுக்கிட்டா மெஷின் தேவையில்ல. சில பேருக்கு முழிக்காது. இவருக்கு எப்படின்னு இப்ப சொல்ல முடியாது. பழகிப்போறதுன்னு ஒண்ணும் கெடையாது.”

“போடலன்னா?”

“கஷ்டம்மா.”

அத்தை பாயிடம் திரும்பினார். பாய்க்கு ஏற்கெனவே மெஷின் போட ஆரம்பித்திருந்தார்கள். “வலிக்குதா பாய்?”

“கழுத்துல ஊசி போடுறப்ப வலிக்கும். அப்புறம் கொஞ்சம் குளுரும். அல்லா மேல பாரத்தப் போட்டுட்டுத் தூங்கிடுவேன்.”

பிறகு என்னிடம். “மாப்ள, ஒடம்பு உங்களுது. சொல்லுங்க.”

“போடச் சொல்லுங்க அத்தை” என்றேன். வார்டுக்கே கேட்கிற மாதிரி வந்துவிட்டது. என் குரல்தானா என்று இருந்தது.

அத்தை போனை வாயருகே வைத்தார். “பெரிய மாப்ள, நீங்க கேட்டாண்ட நிக்கிறீங்க. நான் உள்ளாற நிக்கிறேன். கிட்டக்க இருக்குறவதான் முடிவு சொல்லணும். போடுறோம்.” செல்விக்கும் போன் போட்டு மெஷின் போடப்போவதைச் சொன்னார். செல்வி அழுதுகொண்டே சரி என்றாள்.

மெஷினில் போட்டார்கள். ஒரு நாள் விட்டு மறுபடி போட்டார்கள். அதற்குப் பிறகும் போட்டார்கள். ஒவ்வொரு தடவை திரும்பி வந்ததும் அத்தை கேனோடு நிற்பார். “மெஷின் அது வேலையப் பாக்கட்டும். நாம நம்ம வேலையப் பாக்கணும்.” நாலு சொட்டு. ஆறு சொட்டு. சில வேளை அதுவும் இல்லை. நான் சலித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினால், “கடல்ல இன்னிக்கு மீன் இல்லன்னா நாளைக்கு வலை போடாம இருக்காங்களா?” என்பார். அந்தப் பிடிவாதத்தின் முன்னால் நான் வேறு என்ன செய்ய முடியும்? முயற்சி செய்தேன்.

ஒருநாள் காலை டீ வருகிற நேரம். அத்தை கேனைப் பிடித்திருந்தார். கேன் கனத்தது. அவர் இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்தார். நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. கடுங்காப்பி நிறம் போய் வைக்கோல் நிறமாக இருந்தது. அத்தை கேனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மறைப்புக்கு வெளியே வந்தார். மார்க்கெட்டுக் குரல்.

“வரத்து வந்துடுச்சு!”

மாஸ்க் மாட்டிய ஆட்கள் படுத்தபடியே கையைத் தூக்கினார்கள். எவரோ கைதட்டினார். பாய் “அல்ஹம்துலில்லாஹ்!” என்று கத்திவிட்டு இருமினார். நர்ஸ் ஓடி வந்து, “அம்மா, மேல கொட்டிடாதீங்க!” என்று கேனை வாங்கினார். என் மூத்திரத்தை வார்டே பார்த்தது. அன்றைக்கு எனக்கு வெட்கம் வரவில்லை.

உப்பு இறங்கியது. மெஷினை நிறுத்தினார்கள். பாயும் வீடு போனார். ஆனால் அவர் கிட்னி விழிக்கவில்லை. இன்றைக்கும் வாரா வாரம் மெஷினுக்குப் போய் வருகிறார், போனில் அதே கேலியோடு பேசுகிறார். இரண்டு கட்டிலில் ஒன்றுக்கு அப்படி, ஒன்றுக்கு இப்படி. ஏன் என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவும் தெரியாது என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த அன்று, ஆட்டோவிலிருந்து நான் இறங்கியதும் அத்தை பின்னால் ஒதுங்கி நின்றார். செல்வி தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படிம்மா சமாளிச்ச? கேனெல்லாம் யாரு புடிச்சது?” என்று கேட்டாள்.

“நர்சு பொண்ணுங்கதான் எல்லாத்தையும் பாத்துச்சுங்க” என்றார் அத்தை. “நான் வெளிய வராண்டாவுல கெடந்தேன்.”

நான் வாயைத் திறந்தேன். அத்தை தலையைக் குனிந்தபடியே விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். மருமகன் தெருவில் தலைகுனியக் கூடாது என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. அவர் முடிவு செய்ததை மாற்றியவர்கள் கிடையாது. அதன் பிறகு இருந்த வருஷமெல்லாம் பழையபடியே சுவரிடம் பேசினார். நானும் விட்டுவிட்டேன்.

போன பங்குனியில் நெஞ்சு வலி வந்து அத்தை போய்விட்டார். காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்து எல்லோரும் அவரைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் பேச்சு ஒரே இடத்துக்கு வந்தது. “மருமவன் மொகத்தப் பாத்து ஒரு வார்த்த பேசினதில்ல. அந்தக் காலத்து மரியாத” என்றார் ஒருவர். “எதுத்தாப்ல நின்னதுகூட இல்ல” என்றார் இன்னொருவர். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமையோடு சொன்னாள். “இவரு ஆஸ்பத்திரில சாவக் கெடந்தப்பகூட எங்கம்மா வராண்டாவுலதான் நின்னாங்க.”

நான் எழுந்து நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“என்னா மாப்ள, பாத்ரூமா? பின்னால இருக்குது” என்றார் ஒருவர்.

உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இப்போது எழுதிவிட்டேன். அவர்கள் சொல்கிற மரியாதை பொய்யில்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றை அத்தை செய்தார். அவர் என் எதிரில் நின்றார். என் முகத்தைப் பார்த்துப் பேசினார். என் கட்டிலில் உட்கார்ந்தார். என் மூத்திரத்தைக் கையில் பிடித்து, அளந்து, வெளிச்சத்தில் பார்த்து, அது வருகிற வரை விடாமல் நின்று என்னைப் பிழைக்கவைத்தார். அதை எனக்காக மறைத்தார். எனக்காக மறைத்ததை நான்தான் சொல்ல வேண்டும், எங்கள் சொந்தத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

இன்று சாயங்காலம் செல்வியின் சொந்தக்காரர்கள் கூழ் ஊற்ற வருகிறார்கள். அண்ணனும் வருகிறார். எல்லோரையும் உட்காரவைத்து இதை நானே படிக்கப்போகிறேன், சத்தமாக. எழுத்து தடுக்கினால் நின்று மறுபடி படிப்பேன். முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

கடலூர் முதுநகர்,
ஆடி மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை.